குந்தவை அழக் கூடாதா?

கேள்வி: நான் ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியை. ஊர் கும்பகோணம் பக்கம். பொன்னியின் செல்வன் படங்கள் வந்த பிறகு, ரசிகர்களே எழுதும் கதைகளை என் மருமகள் போனில் எடுத்துக் காட்டினாள். அதிலிருந்து படிக்கிறேன். கரிகாலன் இறந்த பிறகு குந்தவையும் நந்தினியும் பழையாறையில் சந்திப்பதாக ஒரு பெண் தொடர் எழுதி வந்தார். அத்தியாயத்தை அங்கே எபி என்கிறார்கள். 12 எபியும் விடாமல் படித்தேன். கடைசி எபிக்குக் கீழே, நல்ல எண்ணத்தில்தான், நீளமாக ஒரு கருத்து எழுதினேன். அரண்மனைச் சமையலில் மிளகாய் வருகிறது, ர–ற குழப்பம் இருக்கிறது, இளைய பிராட்டி இப்படி உடைந்து அழமாட்டார் என்று 9 தவறுகளை எண் போட்டுச் சொன்னேன். "நன்றி மேம்" என்று மட்டும் பதில் வந்தது. இரண்டே நாளில் கதையையே எடுத்துவிட்டார். மற்ற வாசகிகள் என்னைத் திட்டுகிறார்கள். வருடக்கணக்காகப் பிள்ளைகளின் தாளைத் திருத்தியவள் நான். பாராட்டு மட்டும்தான் எழுத வேண்டுமா? தப்பைத் தப்பு என்று சொல்வது தப்பா? யாருமே சொல்லாவிட்டால் எழுத்து எப்படி வளரும்? இனி அந்தப் பெண்ணுக்கு நான் என்ன செய்வது? இன்னொன்று: அந்தக் கதையை என் போனில் இறக்கி வைத்திருக்கிறேன். தோழிகள் கேட்கிறார்கள். அனுப்பலாமா? நான் எழுதிய கருத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள டீச்சருக்கு,

நகலை அனுப்பியது நல்லதாயிற்று. நிதானமாகப் படித்தேன். தகவல் பிழை என்று நீங்கள் சொன்னவற்றில் ஒன்றுகூடத் தவறில்லை. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துக்கீசியர் வழியாக 16ஆம் நூற்றாண்டில்தான் நம் பக்கம் வந்து சேர்ந்தது. 10ஆம் நூற்றாண்டுப் பழையாறையில் காரத்துக்கு மிளகுதான். ர–ற பற்றிச் சொன்னதும் சரி. ஆனாலும் அந்தக் கருத்தை அந்த இடத்தில் நீங்கள் எழுதியிருக்கக் கூடாது என்றுதான் நினைக்கிறேன்.

பிரதிகளைச் செப்பனிடுவது என் தொழில். அதனால் பிழை காட்டுவதே தப்பு என்று நான் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் அந்த வேலை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். எழுத்தாளர் தானே பிரதியைக் கொண்டுவந்து கொடுக்கிறார். எதுவரை கை வைக்கலாம், எதைத் தொடக் கூடாது என்று முதலிலேயே பேசிக்கொள்கிறோம். அச்சுக்குப் போகும் முன் சொல்வதால் அவரால் மாற்ற முடிகிறது. ஓரத்தில் நான் எழுதும் குறிப்பை எங்கள் இருவரைத் தவிர யாரும் பார்ப்பதில்லை. உங்கள் மாணவர்களின் தாளும் அப்படித்தான், திருத்தச் சொல்லித்தான் உங்கள் மேஜைக்கு வந்தது. அந்தப் பெண்ணின் கதை யாரும் திருத்துவதற்காக வரவில்லை. படிப்பதற்காக வந்தது. அதன் கீழே நீங்கள் போட்ட பட்டியல், அவருடைய வாசகர்கள் அத்தனை பேரும் பார்க்கும் இடத்தில் நின்றது.

ரசிகக் கதை எழுதுகிறவருக்குக் காசு கிடையாது, அச்சில் பெயர் கிடையாது. பள்ளி, கல்லூரி, வேலை, வீடு எல்லாம் முடிந்து மிச்சமாகிற ராத்திரி நேரத்தில் எழுதுகிறார்கள். பெரும்பாலும் இளம் பெண்கள், அதுவும் போனிலேயே தட்டச்சு செய்கிறவர்கள். திரும்பக் கிடைப்பது வாசகர் எழுதும் நாலு வரிதான். நவராத்திரிக் கொலுவைப் பார்க்கப் போகிறோம். பொம்மைகளை அந்த வீட்டம்மா செய்யவில்லை. எந்தப் பொம்மையை எந்தப் படியில், யார் பக்கத்தில் யாரை வைப்பது என்பதுதான் அவர் கைவேலை. வாசலில் நின்றுகொண்டு, வந்தவர்கள் எல்லாம் கேட்கும்படி தசாவதார வரிசை தப்பு என்று நாம் சொல்வதில்லை.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது: "12 எபியும் விடாமல் படித்தேன்." இதை எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெண்ணுக்கு எழுதவில்லை. நகலைத் தேடித் தேடிப் பார்த்தேன், அந்த வரி அதில் எங்கும் இல்லை. நான்காவது எண்ணில், பாதி வாக்கியமாக, "நந்தினி வளையலைக் கழற்றி விளக்கடியில் வைக்கும் இடம் பரவாயில்லை, ஆனால்" என்று ஆரம்பித்து, அடுத்த சொல்லிலேயே சோழர் கால வளையல் எந்த உலோகம் என்று போய்விட்டீர்கள். வரலாறு சொல்லிக் கொடுத்த ஒருவர், பல வருடம் பொன்னியின் செல்வனோடு வாழ்ந்த ஒருவர், தன் கதையை வாரா வாரம் காத்திருந்து படித்தார் என்பது அந்தப் பெண்ணுக்குக் கடைசிவரை தெரியவே தெரியாது. அவர் கண்ணில் பட்டது எண் போட்ட 9 குறைகள் மட்டும்தான். குறை சொன்னதைவிட இதுதான் என்னை அதிகம் வருத்துகிறது.

வாசகர் எழுத வேண்டியது முதலில் தான் படித்த கதையை. எங்கே நின்றேன், எங்கே மூச்சு முட்டியது, எந்த வரியைத் திரும்பப் படித்தேன் என்பதை. "பாராட்டு மட்டும்தானா" என்று கேட்டீர்கள். நான் சொல்வது பாராட்டு இல்லை. "சூப்பர் எபி சிஸ்" என்பது பாராட்டு. அதுவும் நல்லதுதான், கூச்சப்படுகிறவர்களும் அவசரத்தில் இருப்பவர்களும் அதையாவது எழுதட்டும். ஆனால் "வளையலை விளக்கடியில் வைத்தாளே, இனி அந்த அரண்மனையில் தங்கப் போவதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டாளா?" என்று ஒருவர் கேட்டால், எழுதியவருக்கு ஒரு வாரம் தூக்கம் வராது, சந்தோஷத்தில். தான் எங்கோ மறைத்து வைத்ததை இன்னொருவர் கண்டுபிடித்திருக்கிறார். இப்படிக் கூர்ந்து படிக்க உங்களுக்கு வரும். பிழை கண்டுபிடிக்கிற கண்ணும் இதைக் கண்டுபிடிக்கிற கண்ணும் ஒன்றுதான்.

குந்தவை அழுததைப் பற்றி இப்போது பேசலாம். உங்கள் பட்டியலில் ஏழாவது. உண்மையில் உங்களுக்கு வலித்தது இதுதான், மற்ற எட்டும் இதற்குத் துணை என்று எனக்குத் தோன்றுகிறது. "கல்கியின் குந்தவை இப்படிச் செய்யமாட்டாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். மிளகாய் தகவல் பிழை. இது அப்படி இல்லை.

நீங்கள் வரலாறு படித்தவர், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் "நாம் கொடுத்தனவும் நம் அக்கன் கொடுத்தனவும்" என்று ராஜராஜன் தமக்கையை நினைக்கிறான். வேறொரு இடத்தில் அவள் வல்லவரையர் வந்தியத்தேவரின் மனைவி என்று வருகிறது. வந்தியத்தேவனைப் பற்றி வரலாறு நமக்கு விட்டுவைத்தது கிட்டத்தட்ட அந்தப் பெயர் மட்டும்தான். அவன் குறும்பு, அவன் பசி, வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்கிற அவன் பழக்கம் எல்லாம் கல்கி கொடுத்தவை. உடையார்குடிக் கல்வெட்டு கரிகாலனைக் கொன்றவர்களின் பெயரைச் சொல்கிறது. ரவிதாசன் பெயர் அதில் இருக்கிறது. நந்தினியின் பெயர் இல்லை. கல்வெட்டு சொல்லாமல் விட்ட அந்த இடத்தில் கல்கி நந்தினியை உட்கார வைத்தார். நாம் மூன்று தலைமுறையாக அவளை நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

இந்தப் பெண்ணும் அதையேதான் செய்கிறார். கல்கி சொல்லாமல் விட்ட ஒரு ராத்திரியை எடுத்துக்கொண்டு, அங்கே இரண்டு பெண்களை எதிரெதிரே உட்கார வைத்திருக்கிறார். அவர் குந்தவை அழுகிறாள். உங்கள் குந்தவை அழமாட்டாள். எனக்கும் உங்கள் குந்தவைதான் பிடிக்கும், ஆனால் அது என் ருசி. ருசி ஒத்துவராதபோது செய்யக்கூடிய கண்ணியமான காரியம், சத்தமில்லாமல் அடுத்த கதைக்குப் போவதுதான். பழையாறையில் அழாத குந்தவைகள் நிறைய இருக்கிறார்கள். யாரை யாரோடு சேர்த்து வைக்கிறார்கள் என்பதும் இப்படித்தான். வந்தியத்தேவனுக்கும் மணிமேகலைக்கும் கல்யாணம் பண்ணி வைக்கிறவர்கள் இருக்கிறார்கள், பூங்குழலியை அருள்மொழியோடு சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். யாரெல்லாம் ஜோடி, என்ன மாதிரிக் கதை என்று முதலிலேயே டேக் போட்டுத்தான் எழுதுகிறார்கள். டேக்கைப் பார்த்த பிறகும் உள்ளே போய் "இது கல்கிக்குச் செய்யும் துரோகம்" என்று எழுதுவதில் எந்த நியாயமும் இல்லை.

கல்கியும் வாசகர் கடிதங்களோடுதான் வாழ்ந்தார். 1950 முதல் 1954 வரை வாரா வாரம் இந்தக் கதை வந்தபோது வாசகர்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். முடிவு வந்ததும் "இவ்வளவு சட்டென்று முடித்துவிட்டீர்களே, அவர்கள் கதி என்ன, இவர்கள் கதி என்ன" என்று கேட்டார்கள். அதற்காகவே முடிவுரை எழுதிப் பதில் சொன்னார். அந்தக் கடிதங்களில் கோபம் இருந்திருக்கும், ஆனால் அவை ஆசிரியர் பெயருக்கு வந்த கடிதங்கள். அவர் பத்திரிகை நடத்தியவர், நாடறிந்தவர், கடிதம் வரும் என்று தெரிந்தே எழுதியவர். முதல் முறை எழுதிப் பார்க்கிற ஒரு பெண்ணிடம் அதே தோல் தடிமனை எதிர்பார்க்க முடியாது.

ரசிகக் கதைகளின் வரலாற்றில் இந்தக் காயம் பழையது. அமெரிக்காவில் ஸ்டார் ட்ரெக் தொடரின் ரசிகர்கள், பெரும்பாலும் பெண்கள், 1967 முதலே கையால் அச்சடித்த சிற்றிதழ்களில் கதை எழுதித் தபாலில் சுற்றுக்கு விட்டார்கள். அப்படி ஓர் இதழில் 1973இல் பவுலா ஸ்மித் என்பவர் ஒரு குட்டிக் கேலிக் கதை எழுதினார். பதினைந்தரை வயதிலேயே விண்கலத்தில் அதிகாரியாகி, எல்லாரும் தன்மேல் காதல் கொள்ளும்படி இருக்கிற மேரி சூ என்ற பெண் அதில் வருகிறாள். புதிதாக எழுதுகிறவர்கள் தங்களையே நாயகியாக்கிக்கொள்ளும் பழக்கத்தைப் பற்றிய வேடிக்கை அது, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பெயர் பிறகு ஒரு தடியாகிவிட்டது. சின்னப் பெண் யாராவது கொஞ்சம் திறமையான நாயகியை எழுதினால் போதும், "மேரி சூ" என்று ஒரே சொல்லில் வாயடைத்துவிடுவார்கள். அதற்குப் பயந்து பெண் பாத்திரங்களை எழுதுவதையே விட்டவர்கள் உண்டு. "குந்தவை இப்படி இல்லை" என்கிற வாக்கியமும் அந்த வேலையைச் செய்யக்கூடும். அதனால்தான் இதில் இவ்வளவு நேரம் நிற்கிறேன்.

எல்லா இடத்திலும் எல்லாக் காலத்திலும் ஒரே வழக்கம் இருந்ததும் இல்லை. 1998இல் தொடங்கிய ஃபேன்ஃபிக்ஷன் டாட் நெட் போன்ற தளங்களில் கதைக்குக் கீழே விமர்சனம் எழுதுவதுதான் வழக்கம், நல்லதும் கெட்டதும் அப்படியே கொட்டுவார்கள். 2009இல் வந்த ஏஓ3 (Archive of Our Own) தளத்தில் பிடித்திருந்தால் ஒரு சின்ன இதயத்தைத் தட்டிவிட்டுப் போகலாம். கருத்துகளைத் தான் பார்த்த பிறகே வெளியிடுவது, வேண்டாதபோது மூடிவைப்பது என்று எழுதுகிறவர் கையில் சாவி இருக்கிறது. விமர்சனம் வேண்டுமென்றால் குறிப்பில் எழுதிவைப்பார்கள், எழுதாவிட்டால் வேண்டாம் என்று எடுத்துக்கொள்வது அங்கே பரவலான மரியாதை. நம் தமிழ்த் தொடர்கதைக் கூட்டத்தில் இப்படி எழுதப்படாத சட்டம்கூட இன்னும் உறுதியாக இல்லை. நீங்கள் வழக்கத்தை மீறினீர்கள் என்று திட்டுகிறவர்கள், அந்த வழக்கத்தை உங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்பதை மறந்துவிட்டார்கள்.

சரி, விமர்சனமே எழுதக் கூடாதா? எழுதலாம், கேட்டால். "குறை இருந்தா சொல்லுங்க ஃப்ரெண்ட்ஸ்" என்று எபியின் அடியில் போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். அப்படிப் போட்டவர்களிலும் பாதிப் பேர் அதை ஒரு வழக்கமாகப் போடுகிறார்கள், அதனால் முதல் தடவை ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லிப் பாருங்கள். எப்படி எடுத்துக்கொள்கிறார் என்று தெரிந்துவிடும். சொல்லும்போது கதையில் உள்ள வரியைக் காட்டி, அங்கே உங்களுக்கு என்ன ஆனது என்று எழுதுங்கள். "இளைய பிராட்டி இப்படி அழமாட்டார்" என்பதை எடுத்துக்கொள்வோம். அதையே "கரிகாலன் செய்தி வந்த எபியில் கல்லாக நின்றவள், இந்த எபியில் நந்தினியைப் பார்த்ததும் உடைகிறாள். நடுவில் அவளுக்குள் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது" என்று எழுதிப் பாருங்கள். முதல் வாக்கியம் எழுதுகிறவரை நிறுத்துகிறது. இரண்டாவது அவருக்கு அடுத்த எபிக்கு ஒரு காட்சியைக் கொடுக்கிறது. அழுகையை எடுக்கச் சொல்லவில்லை பாருங்கள், அதற்கு முன்னால் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று மட்டும்தான் சொல்கிறது. என் தொழிலில் நான் கற்றுக்கொண்டதில் பாதி இதுதான்: வாசகருக்கு எங்கே இடறியது என்பதைச் சொல்ல வாசகரைவிடத் தகுதியானவர் இல்லை, அதை எப்படிச் சரிசெய்வது என்பதை எழுதுகிறவரிடமே விட்டுவிட வேண்டும். நீங்களே அந்தப் பத்தியை மாற்றி எழுதிக் காட்டாதீர்கள். ஐந்தாவது எண்ணில் அப்படி ஒரு பத்தி எழுதியிருந்தீர்கள், நன்றாகவே இருந்தது. ஆனால் அது உங்கள் கதை.

எழுத்துப் பிழைகளைப் பொதுவில் சொல்லவே வேண்டாம். தனிச் செய்தி அனுப்ப வழி இருந்தால் அதில் கேளுங்கள். இல்லையென்றால் கருத்தின் கடைசியில், "சில தட்டச்சுப் பிழைகள் கண்ணில் பட்டன, வேண்டுமானால் தனியாக அனுப்புகிறேன்" என்று ஒரு வரி. பதில் வரவில்லையா, அதுவே பதில். மிளகாய் மாதிரியான விஷயத்துக்கும் இதே வழிதான். அப்புறம், மிளகாய் இருப்பதால் யாருக்கும் நஷ்டமில்லை என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் சோழர் சமையல் பற்றி நூல் எழுதவில்லை.

பொதுவில் சொல்லியே ஆக வேண்டியவையும் சில உண்டு. தற்கொலை முயற்சி, பாலியல் வன்முறை போன்றவை முன்னறிவிப்பு இல்லாமல் ஓர் எபியில் வந்தால், "ஆரம்பத்தில் ஓர் எச்சரிக்கை போட்டால் உதவியாக இருக்கும்" என்று கனிவாகச் சொல்லலாம். அது பின்னால் வரும் வாசகர்களுக்கும் உதவும். இன்னொருவர் கதையை அப்படியே தூக்கித் தன் பெயரில் போட்டிருந்தால் முதலில் உண்மையான எழுத்தாளரிடம் சொல்லுங்கள், தளத்தில் புகார் செய்வது அவர் முடிவு. ஒரு சாதியையோ மதத்தையோ கேவலப்படுத்தி எழுதியிருந்தால் கதைக்குக் கீழே வாதாடாதீர்கள், நேராகப் புகார் கொடுத்துவிட்டு வெளியே வாருங்கள். சோழர் கதைகளுக்குக் கீழே "அவர்கள் எங்கள் ஆட்கள்" என்று இரண்டு கூட்டம் மோதிக்கொள்வதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எழுதிய பெண் பாவம், தன் கதையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாத நூறு கருத்துகளைப் படித்துக்கொண்டிருப்பார்.

"அடுத்த யூடி எப்போ?" என்று புது எபி கேட்பதைப் பற்றி உங்களிடம் சொல்லத் தேவையில்லை, நீங்கள் கேட்கவில்லை. ஆனால் உங்களைத் திட்டுகிறவர்கள் பலரும் கேட்கிறவர்கள்தான் என்று நினைக்கிறேன். ஆசையாகத்தான் கேட்கிறார்கள். பரீட்சைக்கும் அலுவலக வேலைக்கும் நடுவில் எழுதுகிற பெண்ணுக்கு, நேற்று போட்ட எபியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் நாளைய எபியைக் கேட்பது கடன்காரர் வந்து நிற்கிற மாதிரிதான் இருக்கும்.

"யாருமே சொல்லாவிட்டால் எழுத்து எப்படி வளரும்" என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. எழுதுகிற எல்லாரும் எழுத்தாளராக வர வேண்டும் என்று நினைப்பதில்லை. சிலருக்குப் பிடித்த பாத்திரத்தை இன்னும் கொஞ்ச நாள் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், அதற்காக எழுதுகிறார்கள். அதில் ஒரு குறையும் இல்லை. வளர வேண்டும் என்று நினைக்கிறவர்கள், வெளியிடும் முன்பே படித்துச் சொல்ல ஓர் ஆளைத் தேடிக்கொள்கிறார்கள். பீட்டா ரீடர் என்பார்கள். அந்த உறவில் எவ்வளவு கறாராகவும் பேசலாம், ஏனென்றால் கேட்டவரே அவர். ரசிகக் கதையில் தொடங்கி, சொந்த நாவலோடு பதிப்பகத்துக்கு வருகிறவர்களைப் பார்க்கிறேன். யாரால் எழுதக் கற்றீர்கள் என்று கேட்டால், முதல் கதையிலிருந்து கூடவே வந்த ஏதோ ஒரு வாசகியைச் சொல்கிறார்கள். அந்த வாசகி கடுமையாகவும் பேசியிருப்பார், ஆனால் அதற்கு முன் பல எபிகளுக்குப் பக்கத்தில் இருந்திருப்பார்.

அந்தக் கதை காசுக்கு வந்திருந்தால் என் பதில் வேறு. கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டதால், அவர் பாத்திரங்களை வைத்து யாரும் புத்தகம் போட்டு விற்கலாம், போடுகிறார்கள். நாளைக்கு இதே கதை விலை போட்டுக் கடைக்கு வந்தால், மிளகாயையும் ர–றவையும் சேர்த்து எவ்வளவு கறாராக வேண்டுமானாலும் நீங்கள் மதிப்புரை எழுதலாம். அதுவும் எழுதியவர் வாசலில் இல்லை, உங்கள் சொந்த இடத்தில். இப்போதும் பொதுவாக "சோழர் காலக் கதை எழுதுகிறவர்கள் கவனிக்க" என்று நீங்கள் ஒரு கட்டுரை எழுதினால் நான் முதல் ஆளாகப் படிப்பேன். யார் கதையையும் பெயர் சொல்லிக் காட்டாமல், ஸ்க்ரீன்ஷாட் போடாமல், டேக் செய்யாமல் எழுதுங்கள், அது போதும்.

அந்தப் பெண் ஏன் கதையை எடுத்தார் என்று உங்களுக்கும் தெரியாது, உங்களைத் திட்டுகிறவர்களுக்கும் தெரியாது. வீட்டில் யாராவது பார்த்திருக்கலாம், பரீட்சை வந்திருக்கலாம், உங்கள் கருத்துதான் காரணமாகவும் இருக்கலாம். திட்டுகிறவர்களுக்குப் பதில் எழுதாதீர்கள், விளக்கமும் கொடுக்காதீர்கள். அவர்கள் செய்வதும் அதே தவறுதான், கூட்டமாகச் செய்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கு மட்டும், தனிச் செய்தியாக, ஒரே ஒரு தடவை எழுதுங்கள். இப்படி இருக்கலாம்:

"வணக்கம். உங்கள் கதைக்குக் கீழே நான் எழுதிய கருத்துக்காக வருந்துகிறேன். நீங்கள் கேட்காமலே குறைகளைப் பட்டியலிட்டது சரியில்லை. 12 எபியும் காத்திருந்து படித்தேன், அதை அன்றைக்குச் சொல்லவே இல்லை. நந்தினி வளையலைக் கழற்றி விளக்கடியில் வைக்கும் இடம் இன்னும் மனதில் இருக்கிறது. பதில் எழுத வேண்டும் என்று இல்லை."

இதில் "நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன்" என்று சேர்க்காதீர்கள். நான் ஆசிரியை என்று சேர்க்காதீர்கள். கதையைத் திரும்பப் போடுங்கள் என்றும் கேட்காதீர்கள், மன்னிப்போடு ஒரு கோரிக்கையையும் சேர்த்தால் அவருக்கு இன்னொரு சுமைதான். பதில் வராவிட்டால் அத்தோடு விட்டுவிடுங்கள். வேறொரு கணக்கிலிருந்து அவர் புதிதாக ஏதாவது எழுதி, அது அவர்தான் என்று உங்களுக்குத் தெரிந்தாலும், அடையாளம் கண்டுகொண்டதாகக் காட்டிக்கொள்ளாதீர்கள்.

உங்கள் அறிவு வீணாகக் கூடாது என்பது என் ஆசை. உங்கள் பக்கத்தில் அறிமுகமாக இரண்டு வரி எழுதிவையுங்கள்: சோழர் கால உடை, உணவு, ஊர், உறவுமுறை பற்றிச் சந்தேகம் இருந்தால் கேளுங்கள், வெளியிடும் முன் படித்துச் சொல்லவும் தயார் என்று. தேடி வருவார்கள். கல்வெட்டு படித்த ஒருவர் கிடைக்கமாட்டாரா என்று ஏங்குகிற பெண்கள் அந்தக் கூட்டத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். வருகிறவரிடம் முதலில் கேளுங்கள்: எதைப் பார்க்க வேண்டும், தகவலையா, மொழியையா, கதையையா? கேட்டதை மட்டும் பாருங்கள்.

கடைசியாக, போனில் இருக்கும் பிரதி. நீங்கள் வைத்துக்கொள்ளலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும் படிக்கலாம். தோழிகளுக்கு அனுப்பாதீர்கள், வாட்ஸ்அப் குழுவிலும் போடாதீர்கள். எடுத்துவிட வேண்டும் என்று எழுதியவர் முடிவு செய்துவிட்டார், காரணம் எதுவாக இருந்தாலும். கேட்கிற தோழிகளிடம் கதை எதைப் பற்றியது என்று வாயால் சொல்லுங்கள், அதில் தப்பில்லை. ஆனால் அந்தக் கோப்பை அழித்துவிடவும் வேண்டாம். போனிலேயே எழுதிப் போனிலேயே வெளியிடுகிறவர்கள் பலரிடம் வேறு பிரதி இருப்பதில்லை, கோபத்தில் அழித்துவிட்டுப் பிறகு தேடுகிறவர்கள் உண்டு. உங்கள் செய்திக்கு அவர் பதில் எழுதி, பேச்சு சுமுகமாக நடந்தால், அப்போது மட்டும் "12 எபியும் என்னிடம் இருக்கின்றன, உங்களுக்குத் தேவைப்பட்டால் அனுப்புகிறேன்" என்று சொல்லுங்கள். பிழைகளைத் திருத்தாமல், இருக்கிறபடியே அனுப்புங்கள்.